சராசரிக்கு முன்னால்: சிறு குழந்தைகளோடு மாறுபாட்டைப் பேசிப் பழக ஒரு வழிகாட்டி

ஐந்து முதல் பத்து வயது வரையுள்ள குழந்தைகளுக்குப் பாடம் எடுக்கத் தொடங்கியிருக்கும் ஆசிரியர்களுக்கும், வீட்டில் பிள்ளைகளோடு எண்களைப் பற்றிப் பேச ஆசைப்படும் பெற்றோருக்கும் இதை எழுதுகிறேன். நீங்கள் புள்ளியியல் படித்திருக்க வேண்டியதில்லை. ஸ்கேல், ஒட்டுத் தாள்கள், ஒரு பை, கொஞ்சம் வண்ண மணிகள், அப்புறம் பொறுமை. இவை போதும்.

ஒரே கேள்விக்கு வரும் பதில்கள் முன்னே பின்னே இருப்பதைத்தான் மாறுபாடு என்கிறோம். ஒரே மேசையை 24 பேர் அளந்தால் 24 பேருக்கும் ஒரே எண் வராது. ஒரே நாளில் ஊன்றிய விதைகள் ஒரே உயரத்துக்கு வளராது. புள்ளியியல் என்ற துறை பிறந்ததே இதனால்தான். எல்லாம் ஒன்றுபோல் இருந்தால் ஒன்றை மட்டும் அளந்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போயிருப்போம். ஆனால் பள்ளிகளில் எடுத்த எடுப்பில் சராசரிக்குப் போய்விடுகிறோம். கூட்டு, வகு, விடையை எழுது, முடிந்தது. அந்த வகுத்தலில் காணாமல் போவது மாறுபாடு. அதனால் தொடக்கத்தில் சராசரி என்ற பேச்சையே எடுக்காதீர்கள் என்பதுதான் என் முதல் வேண்டுகோள். எண்கள் எங்கே கூடுகின்றன, எங்கே சிதறுகின்றன, ஏன் என்று குழந்தைகள் தங்கள் வாயால் சொல்லிப் பழகிய பிறகு சராசரி தானாக வந்து உட்காரும்.

குழந்தை வெறுங்கையோடு வருவதில்லை

2008-ல் ஃபே ஷூ, வஷ்டி கார்சியா என்ற இரு ஆய்வாளர்கள் எட்டு மாதக் குழந்தைகளுக்கு ஒரு பெட்டியிலிருந்து பந்துகளை எடுத்துக் காட்டினார்கள். பெட்டியில் பெரும்பாலும் வெள்ளைப் பந்துகள் இருக்க, எடுத்தவை பெரும்பாலும் சிவப்பாக இருந்தபோது குழந்தைகள் கூடுதல் நேரம் உற்றுப் பார்த்தார்கள். எதிர்பாராதது நடந்தால் கைக்குழந்தைகள் அப்படித்தான் பார்ப்பார்கள். மொத்தத்துக்கும் அதிலிருந்து எடுத்த சிறு பங்குக்கும் ஏதோ தொடர்பு இருக்க வேண்டும் என்ற உணர்வு பேச்சு வருவதற்கு முன்பே இருக்கிறது.

இதற்கு எதிராகத் தோன்றும் பழைய ஆய்வு ஒன்றும் உண்டு. 1951-ல் ஜான் பியாஜேயும் பார்பல் இன்ஹெல்டரும் வெளியிட்டது. ஒரு தட்டின் ஓரத்தில் ஒரு பக்கம் சிவப்பு, மறு பக்கம் வெள்ளை என்று குண்டுகளை வரிசையாக வைத்து, தட்டை இப்படியும் அப்படியும் சாய்ப்பார்கள். குண்டுகள் உருண்டு கலந்துபோகும். இன்னும் பல தடவை சாய்த்தால் என்ன ஆகும் என்று கேட்டால், சின்னக் குழந்தைகளில் பலர் குண்டுகள் பழைய இடத்துக்கே திரும்பிவிடும் என்றார்கள். கண்ணெதிரே கலந்துகொண்டே போவதைப் பார்த்த பிறகும் அப்படித்தான் சொன்னார்கள்.

எட்டு மாதத்தில் தெரிந்தது ஐந்து வயதில் மறந்துவிட்டதா? இல்லை. உணர்வது வேறு, அதைக் காரணத்தோடு எடுத்துச் சொல்வது வேறு. நம் வேலை இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. குழந்தையின் உணர்வுக்குப் பேச்சு கிடைக்க வேண்டும்.

முதல் படி: பதில் மாறக்கூடிய கேள்வி

"இந்த மேசை எவ்வளவு நீளம்?" என்று ஒரே ஒரு பிள்ளையிடம் கேட்டால் ஒரு விடை வரும், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். "நாம் எல்லோரும் இந்த மேசையை அளந்தால் என்னென்ன எண்கள் வரும்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் ஒன்றாக இருக்காது என்பது கேள்விக்குள்ளேயே இருக்கிறது. புள்ளியியல் கேள்விக்கு இதுதான் அடையாளம். கேள்வியைப் போட்ட பிறகு, அளப்பதற்கு முன்பே, ஒவ்வொரு குழந்தையும் தன் யூகத்தை எழுதிவைக்கட்டும். யூகம் எழுதாத குழந்தைக்கு வருகிற எண்ணைப் பார்த்து வியக்க வழியில்லை.

இரண்டாம் படி: ஒரே பொருள், பல கைகள்

எதில் தொடங்குவது என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஒரே பொருளை எல்லோரும் அளப்பதில் தொடங்குங்கள். கிளிஃப் கோனோல்ட், அலெக்சாண்டர் பொல்லாட்செக் என்ற ஆய்வாளர்கள் 2002-ல் இதற்கான காரணத்தை விளக்கினார்கள். மேசைக்கு உண்மையான நீளம் என்று ஒன்று இருப்பது குழந்தைக்குத் தெரியும். ஆகவே சிதறிக் கிடக்கும் எண்கள் எல்லாம் அந்த ஒன்றைத் தேடி வந்தவை என்று சுலபமாகப் புரிந்துகொள்ளும். வகுப்பில் இருப்பவர்களின் உயரங்களை எடுத்துக்கொண்டால் அப்படிப் புரியாது. அங்கே நடுவில் இருக்கும் எண் யாருடையது?

பெரிய மேசை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். 15 செ.மீ. ஸ்கேலை மட்டும் கொடுங்கள். அளப்பது கொஞ்சம் சிரமமாக இருக்க வேண்டும், அப்போதுதான் சிதறல் வரும். ஒருவர் அளப்பதை மற்றவர் பார்க்கக் கூடாது. வந்த எண்ணை ஒட்டுத் தாளில் எழுதித் தரட்டும். சுவரில் நீளமாக ஒரு எண்கோடு வரைந்து, தாள்களை அந்தந்த எண்ணுக்கு மேல் ஒட்டுங்கள். ஒரே எண் இரண்டு தடவை வந்தால் ஒன்றின் மேல் ஒன்று.

120 செ.மீ. மேசையை 24 பேர் அளந்ததாக வைத்துக்கொள்வோம். சுவரில் இப்படி அமையலாம்: 105-ல் ஒருவர், 112-ல் இருவர், 113-ல் ஒருவர், 117-ல் ஒருவர், 118-ல் இருவர், 119-ல் நால்வர், 120-ல் ஐவர், 121-ல் மூவர், 122-ல் இருவர், 123-ல் ஒருவர், 125-ல் ஒருவர், கடைசியில் 135-ல் ஒருவர்.

இப்போது வகுப்பில் முதலில் கேட்கும் குரல், "யாரோடது கரெக்ட்?" அடுத்தது, "135 போட்டது யாரு, தப்பா அளந்திருக்காங்க!" இந்த இடத்தில் சரியான விடையைச் சொல்லிவிடாதீர்கள். சொன்ன மறுகணம் பேச்சு செத்துவிடும். "135 எப்படி வந்திருக்கும்? கண்டுபிடிக்கலாமா?" என்று கேளுங்கள். யார் என்று தேடுவதை எப்படி என்று தேடுவதாக மாற்றுவதுதான் இந்தப் படியின் உயிர். அளந்த பிள்ளை கூனிக் குறுகாமல் இருப்பதற்கும் அதுவே வழி.

கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருவர் கவனிப்பார்: 120-க்கும் 135-க்கும் வித்தியாசம் 15. ஒரு ஸ்கேல் நீளம்! ஸ்கேலை எத்தனை தடவை வைத்தோம் என்று எண்ணும்போது ஒன்று கூடிப்போயிருக்கிறது. அப்படியென்றால் 105? ஒன்று குறைந்துபோயிருக்கிறது. சரி, 112, 113? இது கொஞ்சம் நுணுக்கமானது. ஸ்கேலைக் கையில் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பல ஸ்கேல்களில் பூஜ்யம் விளிம்பிலேயே தொடங்காது, இரண்டு முனையிலும் அரை சென்டிமீட்டர் வெற்றிடம் இருக்கும். விளிம்போடு விளிம்பு சேர்த்து வைத்துக்கொண்டே போனால் ஒவ்வொரு தடவையும் 16 செ.மீ. தாண்டிவிட்டு 15 என்று எண்ணுகிறோம். 120 செ.மீ. மேசையில் ஏழு ஸ்கேல் முழுதாக அடங்கும், அது 105. மீதி இருப்பது 8 செ.மீ. ஆனால் எட்டாவது ஸ்கேலில் வெற்றிடம் போக 7.5 என்றுதான் படிக்கும். ஆக 112.5. சிலர் 112 என்று எழுதுவார்கள், சிலர் 113.

அந்தக் குழந்தைகள் கவனக்குறைவாக அளக்கவில்லை, ஒரு முறையைப் பிடித்துக்கொண்டு ஒழுங்காக அளந்திருக்கிறார்கள். முறைதான் எண்ணை இழுத்துவிட்டது. அப்படியானால் 119, 121 எல்லாம் எப்படி வந்தன? அவற்றுக்கு இப்படி ஒற்றைக் காரணம் சொல்ல முடியாது. விரல் வைத்த இடம், ஸ்கேல் லேசாக நழுவியது, பார்த்த கோணம் என்று சின்னச் சின்னதாகச் சேர்ந்து ஒருவருக்குக் கூட்டியும் ஒருவருக்குக் குறைத்தும் விட்டிருக்கின்றன. காரணம் கண்டுபிடிக்கக்கூடிய விலகல், காரணம் பிரித்துச் சொல்ல முடியாத சிறு விலகல் என்ற இந்த இரண்டு வகையையும் எட்டு வயதுக் குழந்தை தன் கையாலேயே பிரித்துவிடும். பெரியவர்களுக்கான தரக் கட்டுப்பாட்டுப் படிப்புகளில் வருவதும் இதே பிரிவினைதான்.

பிறகு அளவு நாடாவைக் கொடுத்து அதே மேசையை மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அளப்பதற்கு முன்னால் கேளுங்கள்: "இந்தத் தடவை தாள்கள் எப்படி அமையும்? வரைந்து காட்டு." நெருக்கமாக அமையும் என்று பலர் வரைவார்கள். அந்தப் படம், குழந்தை மாறுபாட்டைப் பற்றிச் செய்த முன்கணிப்பு. பத்திரமாக எடுத்து வையுங்கள். ரிச்சர்ட் லேரரும் லியோனா ஷாபிளும் தொடக்கப் பள்ளி வகுப்புகளில் பல ஆண்டுகள் இப்படி வேலை செய்தவர்கள். கருவி மாறினால் சிதறல் மாறும் என்பதைக் குழந்தைகள் நேரில் பார்ப்பதற்கு அவர்கள் கொடுத்த முக்கியத்துவம் நாமும் கொடுக்க வேண்டியது.

மூன்றாம் படி: என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள்

சுவரில் தாள்கள் இருக்கும்போதே "இதில் என்ன பார்க்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். வரும் பதில்களைப் பிரித்துப் பார்க்கக் கோனோல்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2015-ல் நான்கு பார்வைகளை விவரித்தார்கள். புதிதாகத் தொடங்குபவருக்கு இதைவிடக் கைகொடுக்கும் கருவி எனக்குத் தெரிந்து இல்லை.

"நாங்க மேசையை அளந்தோம், என் ஸ்கேல் கீழே விழுந்துச்சு" என்பது முதல் பார்வை. எண் அந்த நிகழ்வை நினைவூட்டுகிறது, அவ்வளவுதான். "என்னோடது 119, அவளோடது 123" என்பது இரண்டாவது. ஒவ்வொரு எண்ணும் ஒரு ஆளுக்குச் சொந்தம். "120-ல அஞ்சு பேர் இருக்காங்க" என்பது மூன்றாவது. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து எண்ணுகிறது. "பாதிக்கு மேல 118-லேருந்து 122-க்குள்ள இருக்கு, அங்கங்க ஒண்ணு ரெண்டு தள்ளி இருக்கு" என்பது நான்காவது. மொத்தத்துக்கும் ஒரு வடிவம் உண்டு என்று கண்டுகொண்டது இது.

இந்த நான்கையும் ஏணிப்படி என்று நினைத்துக் குழந்தைக்கு மதிப்பெண் போட வேண்டாம். ஒரே குழந்தை பத்து நிமிடத்துக்குள் நான்கிலும் போய்வரும். கேள்வியைப் பொறுத்து எந்தப் பார்வையும் சரியானதாக இருக்கலாம். 135 எப்படி வந்தது என்று துப்புத் துலக்கியபோது முதல் இரண்டு பார்வைகளும்தான் உதவின.

நான்காவது பார்வைக்கு வழி திறக்க நல்ல சாவி, "எங்கே கூட்டமாக இருக்கிறது?" என்ற கேள்வி. ஒற்றை எண்ணைக் கேட்காமல் ஒரு பட்டையைக் கேளுங்கள். எங்கிருந்து எங்கே வரை என்று குழந்தை இரண்டு கைகளையும் விரித்துச் சுவரில் வைத்துக் காட்டட்டும். அந்த இரண்டு கைகளுக்கு நடுவே மையமும் இருக்கிறது, சிதறலும் இருக்கிறது. ஒருவர் 118 முதல் 122 வரை என்பார், இன்னொருவர் 117 முதல் 123 வரை என்பார். எது சரி என்று தீர்ப்புச் சொல்ல அவசியமில்லை. முதல் பட்டைக்குள் 24-ல் 16 பேர் அடங்குகிறார்கள், இரண்டாவதில் 18 பேர். எண்ணிப் பார்த்து அவர்களே வாதாடட்டும்.

நான்காம் படி: பிழையே இல்லாத வித்தியாசம்

ஒரே வகை விதைகளை ஒரே நாளில் ஊன்றி, சில நாள் இடைவெளியில் உயரத்தை அளந்து அதே மாதிரி எண்கோட்டில் ஒட்டுங்கள். இங்கே யாரும் தப்பாக அளக்கவில்லை. செடிகளே வெவ்வேறாக இருக்கின்றன. மேசையிலிருந்து இங்கே வரும்போது குழந்தைகள் தடுமாறுவது இயல்பு. "எந்தச் செடி கரெக்ட்?" என்றுகூடக் கேட்பார்கள்.

லேரரும் ஷாபிளும் ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளோடு செடி வளர்த்தபோது வந்த கேள்வியைக் கடன் வாங்கிக்கொள்ளுங்கள்: "மறுபடி விதை போட்டு வளர்த்தால் இந்தப் படம் எப்படி இருக்கும்?" எந்தச் செடியும் அதே உயரத்தில் வராது. ஆனால் கூட்டம் கூடும் இடம் ஏறக்குறைய அங்கேயேதான் இருக்கும். தனி எண்கள் மாறும், வடிவம் ஓரளவு நிலைக்கும். இதை உணர்ந்த குழந்தை பரவலை, அதாவது எண்கள் மொத்தமாகச் சேர்ந்து அமையும் வடிவத்தை, பிடித்துவிட்டது. இதில் அதிக நேரம் செலவிட வேண்டாம். செடிகள் வளர எடுக்கும் நாட்களிலேயே அடுத்த படியைத் தொடங்கிவிடலாம்.

ஐந்தாம் படி: பையும் மணிகளும்

50 சிவப்பு, 30 நீலம், 20 மஞ்சள் மணிகளை ஒரு பையில் போட்டுக் குலுக்குங்கள். எண்ணிக்கை குழந்தைகளுக்குத் தெரியட்டும். பார்க்காமல் 10 மணிகள் எடுத்தால் எத்தனை சிவப்பு வரும்?

இதே எண்ணிக்கையில் மிட்டாய் உருண்டைகளை வைத்து 1996-ல் அமெரிக்காவின் தேசியக் கல்வி மதிப்பீட்டில் நான்காம் வகுப்புக் குழந்தைகளிடம் கேட்டார்கள். ஐந்து என்ற விடையை எதிர்பார்த்த கேள்வி. மைக்கேல் ஷாகனசி என்ற ஆய்வாளருக்கு அது போதவில்லை. ஒரு எண்ணைக் கேட்டால் மாறுபாட்டைப் பற்றிக் குழந்தை என்ன நினைக்கிறது என்று தெரிய வழியே இல்லையே! அதனால் எடுத்ததைத் திரும்பப் போட்டுவிட்டு, ஆறு தடவை எடுத்தால் ஆறு தடவையும் என்னென்ன வரும் என்று மாற்றிக் கேட்டார். நீங்களும் அப்படியே கேளுங்கள். ஆறு எண்களையும் எழுதி, பக்கத்தில் காரணமும் எழுதச் சொல்லுங்கள். எழுத வராத குழந்தை வாயால் சொன்னால் நீங்கள் குறித்துக்கொள்ளலாம்.

5, 5, 5, 5, 5, 5 என்று எழுதும் குழந்தை விகிதத்தைக் கண்டுகொண்டது, ஆனால் சிதறலுக்கு இடம் கொடுக்கவில்லை. கணக்கில் கெட்டிக்காரர்களே அதிகம் இப்படி எழுதுவார்கள். 8, 9, 7, 9, 8, 10 என்று எழுதும் குழந்தைக்குச் "சிவப்பு நிறைய இருக்கு" என்பது மட்டுமே கண்ணில் பட்டிருக்கிறது. 0, 10, 3, 9, 1, 7 என்று எழுதும் குழந்தை "என்ன வேணா வரலாம்" என்கிறது. சிதறல் தெரிகிறது, கட்டு இல்லை. 5, 4, 6, 5, 7, 4 என்று எழுதும் குழந்தை இரண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது. "சிவப்பு எனக்குப் பிடிக்கும், அதனால நிறைய வரும்" என்பவர்களும் இருப்பார்கள். எதற்கும் முகம் சுளிக்காமல் எல்லாவற்றையும் பலகையில் எழுதிவிட்டு, எடுத்துப் பார்க்கத் தொடங்குங்கள்; ஒவ்வொரு தடவையும் எத்தனை சிவப்பு வந்தது என்று தாளில் எழுதி, முன்போலவே எண்கோட்டில் ஒட்டுங்கள்.

உங்கள் தெளிவுக்காக இதன் கணக்கைச் சொல்லிவைக்கிறேன், குழந்தைகளுக்குச் சொல்ல வேண்டாம். 10 மணிகளில் சரியாக 5 சிவப்பு வருவது ஏறக்குறைய நான்கு தடவைக்கு ஒரு தடவைதான். 3 முதல் 7 வரை வருவது பத்தில் ஒன்பது தடவை. ஆறு தடவையும் தொடர்ந்து 5 வருவது சுமார் 3,300-க்கு ஒன்று. ஆக "எல்லாம் அஞ்சு" என்று எழுதிய குழந்தையை நீங்கள் திருத்த வேண்டியதில்லை, பையே திருத்திவிடும்.

எடுத்துக்கொண்டே போகும்போது நடுநடுவே நிறுத்துங்கள். ஆறு தடவைக்குப் பிறகு, இருபதுக்குப் பிறகு, ஐம்பதுக்குப் பிறகு. ஒவ்வொரு நிறுத்தத்திலும் "படத்தில் எது மாறியது, எது மாறவில்லை?" என்று கேளுங்கள். ஆறு தாள்களில் வடிவம் எதுவும் தெரியாது. ஐம்பதில் நடுவில் மேடு எழும்பியிருக்கும். ஆனால் இரண்டு ஓரங்களும் இன்னும் விலகிப்போயிருக்கும், ஏனென்றால் அதிகம் எடுக்க எடுக்க 1, 9 மாதிரி அபூர்வமானவையும் எப்போதாவது தலைகாட்டும். நிறைய எடுத்தால் எல்லாம் நெருங்கிவிடும் என்று எதிர்பார்க்கும் பெரியவர்களே இங்கே திகைப்பார்கள். கூட்டம் எங்கே இருக்கிறது என்ற நம் ஊகம்தான் உறுதிப்படும். ஓரத்துக்கு ஓரம் உள்ள தூரம், அதாவது வீச்சு, அப்படியே இருக்கும் அல்லது கூடும்.

இது பழகியதும் இன்னொரு பையில் என்ன இருக்கிறது என்று சொல்லாமல் கொடுங்கள். எடுத்துப் பார்த்தே உள்ளே இருப்பதை ஊகிக்க வேண்டும். கேட்டி மாகரும் ஆன்டி ரூபினும் 2009-ல் இப்படிப்பட்ட ஊகத்துக்கு மூன்று அடையாளங்கள் சொன்னார்கள்: கையில் உள்ள தரவைத் தாண்டிச் சொல்வது, தரவையே சான்றாகக் காட்டுவது, உறுதியாக அடித்துச் சொல்லாமல் இடம் விட்டுச் சொல்வது. "அநேகமா நீலம்தான் நிறைய இருக்கும், ஏன்னா எட்டு தடவை எடுத்ததுல ஆறு தடவை நீலம்தான் கூட வந்துச்சு" என்று ஒரு குழந்தை சொன்னால் மூன்றும் அதில் இருக்கின்றன. அநேகமா, ஏறக்குறைய, பெரும்பாலும், இருக்கலாம், சுமார் ஆகிய சொற்களைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். "அநேகமா" என்று சொன்ன குழந்தையிடம் "உறுதியாகச் சொல்" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

கடைசியாகச் சராசரி

ஜேன் மோக்ரோஸும் சூசன் ஜோ ரஸலும் 1995-ல் நான்கு, ஆறு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சராசரியைப் பற்றி விசாரித்தார்கள். கூட்டி வகுக்கும் முறையை மட்டும் பிடித்துக்கொண்டவர்களுக்கு அந்த விடை தரவைப் பற்றி என்ன சொல்கிறது என்று விளங்கவில்லை. "நியாயமான ஒரு எண்", "நடுவில் இருப்பது" என்று தங்கள் போக்கில் யோசித்தவர்களிடம் பொருள் இருந்தது. இதனால்தான் இத்தனை படிகளுக்குப் பிறகு இதை வைத்தேன்.

மேசைத் தாள்களுக்கே திரும்புங்கள். 24 எண்களையும் கூட்டினால் 2,861, வகுத்தால் 119.2. வரிசைப்படுத்தி நடுவில் பார்த்தால் 120. குழந்தைகள் கையை விரித்துக் காட்டிய பட்டைக்குள்தான் இரண்டும் விழுகின்றன. ஆனால் ஏன் ஒன்றாக இல்லை? 105-ம் 135-ம் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகின்றன, இரண்டும் 120-லிருந்து பதினைந்து தள்ளி எதிரெதிரே இருக்கின்றன. 112, 112, 113 ஆகிய மூன்றுக்கும் எதிர்ப்பக்கத்தில் ஈடு இல்லை. அவைதான் சராசரியைக் கீழே இழுத்தன. சிதறலை அறிந்த குழந்தைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை, விரலை நீட்டிக் காட்டிவிடும்.

அடுத்த நிமிடம் "அதையெல்லாம் எடுத்துடலாமா?" என்று கேட்பார்கள். இந்தக் கேள்விக்கு அவசரமாகப் பதில் சொல்லாதீர்கள். தள்ளி நிற்கிறது என்பதற்காக ஒரு எண்ணைக் கிழித்துப் போடக் கூடாது. காரணம் தெரிந்தால் அந்தக் காரணத்தைச் சரிசெய்து மறுபடி அளக்கலாம். அந்த மூன்று பிள்ளைகளிடமும் அதே ஸ்கேலைக் கொடுத்து, இந்தத் தடவை விளிம்பை விட்டுவிட்டுப் பூஜ்யக் கோட்டிலிருந்து அளக்கச் சொல்லுங்கள். புதிய எண்களை வேறு நிறத் தாளில் எழுதி ஒட்டுங்கள். பழைய தாள்கள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.